லேபிளில் இருக்கும் ‘இம்புட்டுதான்’

வேலையை விட்டுப் போன ஆளைக் கூப்பிட்டு யோசனை கேட்பது நல்ல பழக்கம். அதற்காக உங்களைப் பாராட்டிவிட்டுத்தான் திட்டப்போகிறேன்.

போன வாரம் வடமதுரை ரோட்டிலிருக்கும் நம் கொட்டகைக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் நம் மாட்டு மருந்து பாட்டிலுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு புது லேபிள் வரைந்து காட்டினீர்கள். பச்சை நிறம், சிரித்த முகத்தோடு ஒரு மாடு, ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு. அதை போனில் காட்டினால் வீடியோ ஓடுமாம். எல்லாம் ஜோர். ஆனால் பழைய லேபிளில் மூடிப் படத்துக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘இம்புட்டுதான்’ என்ற வார்த்தையை மட்டும் காணோம். ஏன் என்று கேட்டதற்கு, நுண்ணுயிரியல் படித்துவிட்டு வந்திருக்கும் தங்கச்சி தயங்கித் தயங்கிச் சொன்னது: “சார், மத்ததெல்லாம் எழுத்துத் தமிழ்ல இருக்கு. இது மட்டும் பேச்சு. கொஞ்சம் கேலியா இருக்கு.”

கேலியாகத்தான் இருக்கும். அந்த வார்த்தை பிறந்த இடத்தில் நான் நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் இன்னும் சிரித்திருப்பீர்கள். அன்றைக்கே கதையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டாமல் முடிக்க மாட்டேன். என் கூட்டாளி காதர் பாய், பிள்ளைகளை வேலை பார்க்க விடு மாப்ளே என்று விரட்டிவிடுவார். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொழிலுக்கு வேண்டிய எந்தத் தகுதியும் எனக்கு இருந்ததில்லை, மூக்கைத் தவிர. மூக்கு கூட பாய்க்குத்தான் இருந்தது. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை அவர். தோல் மண்டியில் தவழ்ந்து வளர்ந்தவருக்கு நம் பீப்பாய்களின் வாசனை அத்தர் மாதிரி. ஆயக்குடியில் விலை போகாமல் ஒதுக்கிய கொய்யா, தவிடு, முருங்கைக் காம்பு, கீழாநெல்லி, பூண்டு, சீரகம், வெல்லப்பாகு என்று எல்லாவற்றையும் பீப்பாயில் போட்டு அடைத்து, அது புளித்து அடங்கியதும் மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுப்பார். கண்ணை மூடிக்கொண்டு, “பக்குவம்” என்பார். நான் அதே மூச்சை இழுத்தால் இருமல் வரும். வீட்டில் என் மனைவி, நீங்க உள்ளே வரலாம், உங்க சட்டை வெளியிலேயே நிக்கட்டும் என்று சட்டம் போட்டிருந்தாள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பேசுவது. கடைகளுக்குப் போவது, பண்ணைக்காரர்களைப் பார்ப்பது, மாட்டுக்கும் கோழிக்கும் இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் பசி எடுக்கும், நன்றாகச் செரிக்கும் என்று சொல்லிப் புரியவைப்பது. பேசுகிறவனுக்கு வார்த்தைதான் சரக்கு. அந்தச் சரக்கையும் நான் எப்படிக் கையாண்டேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒருநாள் வத்தலக்குண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது பாய் போன் செய்தார். பீப்பாய் ஒன்று பொங்கி வழிகிறது என்றார். எனக்குப் பதற்றம் வந்தால் குரல் தானாகவே உயர்ந்துவிடும். “ஊறல் பொங்கிருச்சா? மூடியைச் செத்த தளர்த்துங்க பாய், பீப்பாய் வெடிச்சிரும்” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார் மாதிரியான மனிதர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். பின்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, ரொம்பப் பணிவாக, “எந்த ஊர்லண்ணே காச்சுறீங்க?” என்று கேட்டார். அன்றிலிருந்து நம் கொட்டகையில் யாரும் அதை ஊறல் என்று சொல்வதில்லை. புளிப்பு என்றுதான் சொல்கிறோம்.

இவ்வளவு பட்ட பிறகாவது வார்த்தை விஷயத்தில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆரம்பத்தில் பெரிய பண்ணைகளுக்கு மட்டும் கேன் கேனாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே அளந்து ஊற்ற ஆள் உண்டு. ஒரு மாடு, இரண்டு ஆடு வைத்திருக்கும் வீடுகளுக்கும் போகட்டும் என்று சின்ன பாட்டில் போட்டபோதுதான் லேபிள் எழுத வேண்டி வந்தது. மில்லி லிட்டர் கணக்கு போடு என்றார் பாய். நான் விடுவேனா? எந்த வீட்டு அடுப்படியில் மில்லி லிட்டர் இருக்கிறது, மருந்து ஊற்றுகிற ஆள் கையில் எது இருக்குமோ அதில்தான் அளவு சொல்ல வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பாட்டில் என்று இருந்தால் மூடி என்று ஒன்று இருக்கும். ஆகவே, ‘மாடு ஒன்றுக்குத் தினம் ஒரு மூடி, தீவனத்தில் கலந்து கொடுக்கவும்.’ எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். கல்வெட்டில் வெட்டலாம் போலிருந்தது. “மூடி இல்லாத வீடு இருக்கா பாய்?” என்று வேறு கேட்டேன். இல்லைதான். அது எவ்வளவு பெரிய உண்மை என்று பிறகு தெரிந்தது.

அந்தச் சின்ன பாட்டிலை வாங்கிய முதல் வீடுகளில் ஒன்று ஆரோக்கியமேரி அக்காவுடையது. சேவுகம்பட்டியைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருக்கும் வீடு. அக்கா, அவர் கணவர் சவரிமுத்து, செவலை என்று ஒரு சினைமாடு. அவ்வளவுதான் குடும்பம். பாட்டிலைக் கொடுக்க நானே போயிருந்தேன். மாட்டுக்கொட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. குழறலாக, நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. மழை பெய்யாதது, பக்கத்துத் தோட்டத்து மோட்டார், நேற்றைய மீன் குழம்பில் உப்புக் குறைந்தது என்று எல்லா வழக்கும் அதில் இருந்தது. விருந்தாளி யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். சவரிமுத்து அண்ணன் மட்டும்தான் மாட்டின் கழுத்தைத் தடவியபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு நான் கிளம்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா வாசல்வரை வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் இழுத்துக்கொண்டதாம், வாயும் கோணிவிட்டதாம். பேசப் பேசத்தான் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆனால் கோயில் வாசலில் யாரோ ஒருவர் அவர் பேசுவது போலவே பேசிக் காட்டிவிட்டார். அன்றோடு அண்ணன் மனிதர்களிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அக்காவிடமே தலையாட்டல்தான். செவலையிடம் மட்டும் பேச்சு. “அது திருப்பிப் பேசிக் காட்டாதுல்ல” என்றார் அக்கா.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அக்கா வத்தலக்குண்டு கடையில் இன்னொரு பாட்டில் வாங்கிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். பார்த்தீங்களா, நம்ம சரக்கு எப்படி ஓடுதுன்னு! பாய் தாடியைத் தடவிக்கொண்டு, ஒரு மாட்டுக்கு அது மாதக்கணக்கில் வரணுமே மாப்ளே என்றார். அக்கம்பக்கத்து மாட்டுக்கெல்லாம் கொடுத்திருப்பாங்க, நல்ல மனசு என்று நானே ஒரு காரணத்தைத் தைத்துப் போட்டேன். நீங்கள் விற்பனைக் கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்படும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு நினைத்ததைவிட வேகமாகத் தீர்ந்தால் இனிப்பு வாங்கிக் கொடுக்காதீர்கள். போய்ப் பாருங்கள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. அதனால் போன் வந்தது.

“அண்ணே, மாடு படுத்துருச்சு. வயிறு ஊதிக் கெடக்கு, எந்திரிக்க மாட்டேங்குது. உங்க மருந்துதான் குடுத்துட்டு இருக்கேன்.” அக்கா அழவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னார்: “அது போச்சுன்னா இந்த மனுசன் வாயும் போச்சுண்ணே.”

பதற்றத்தில் மனிதர்கள் பல வகை. சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு மூளை நின்றுவிடும். எனக்கு எல்லாம் ஓடும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஓடும். வத்தலக்குண்டுப் பக்கம் நாங்கள் எப்போதும் யோசனை கேட்கும் கால்நடை டாக்டரம்மா ஒருவர் உண்டு. ஒட்டன்சத்திரத்துக்காரர். அவருக்கு போன் போட்டு, “டாக்டரம்மா, படுத்துட்டேன், எந்திரிக்க முடியலை, வயிறு ஊதிருச்சு” என்றேன். அந்தப் பக்கம் நிதானமாக ஒரு கேள்வி வந்தது. “ஏனுங்க, உங்களுக்குங்களா, மாட்டுக்குங்களா?”

முதலுதவிக்கு என்று ஒரு பையை எடுத்து அவசரமாக எதையெதையோ அடைத்தேன். பாய் பையைத் திறந்து பார்த்து, உள்ளேயிருந்து ஒன்றை வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதே மருந்து, இன்னொரு பாட்டில். “இதைக் குடுத்துத்தான் படுத்திருக்குதுங்கிறாங்க. இதையே கொண்டு போறியா மாப்ளே?” சொன்னாரே தவிர, கொஞ்சம் யோசித்து அதைத் திரும்பப் பையில் போட்டார். வைத்துக்கொள், அதே பீப்பாய்ச் சரக்கு, டாக்டரம்மா பார்க்கட்டும் என்றார். பைக்கில் ஏறிப் பாதி வழி போன பிறகுதான் பார்த்தேன், ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் பாயுடையது. அவர் காலோ பெரிய கால். கியர் மாற்றும்போதெல்லாம் அது கழன்று கழன்று வந்தது.

வழி முழுக்க என் தலைக்குள் ஒரு கோர்ட் நடந்தது. வெல்லப்பாகு கெட்டிருந்ததா? கொய்யாவில் மருந்தடித்திருந்ததா? பீப்பாயை யார் கழுவியது? நானே வக்கீல், நானே நீதிபதி, நானே டவாலி. திண்டுக்கல் தாண்டுவதற்குள் எனக்கு ஆயுள் தண்டனை கொடுத்து, செம்பட்டி போவதற்குள் அப்பீலும் செய்து முடித்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா வந்து வேலையைத் தொடங்கியிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாமல் நெஞ்சின்மேல் உட்காரும்படி அணைவாக வைக்கோல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததுமே பீப்பாய், பாகு, கொய்யா என்று கோர்ட்டைத் திறந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“யாரு தப்புன்னு மாடு கேக்கலீங்க. அந்த மூட்டையைப் புடிங்க.”

பிடித்தேன். இந்தத் தொழிலில் நான் கேட்ட ஆகப் பெரிய பாடம் அந்த ஒரு வரிதான். அதைச் சொன்னவருக்கு அது பாடம் என்றே தெரியாது, மூட்டை கனமாக இருந்ததால் சொன்னார்.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்து மாட்டின் வயிற்றுக்குள் பதமாக இறக்கினார். ஊசி ஒன்று போட்டார். பிறகுதான் கை கழுவிக்கொண்டு அக்காவிடம் கேட்க ஆரம்பித்தார். என்ன தின்றது, எப்போதிலிருந்து? அக்கா சொன்னார்: மருந்து கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து மாட்டுக்கு அடங்காத பசி. தவிடு போதவில்லை, சோளத்தட்டை போதவில்லை, தொட்டியை நக்கிக்கொண்டு கத்தியது. சினைமாடு, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே கேட்கிறது என்று அக்காவும் வைத்துக்கொண்டே இருந்தார். முந்தின நாள் கோயில் திருவிழா. ஊருக்கே அசன விருந்து போட்டு மிஞ்சிய சோற்றை ஒரு அண்டா கொடுத்துவிட்டார்கள். அதையும் வைத்திருக்கிறார்.

“சோறா?” என்றேன் நான்.

பிள்ளைகளா, அந்த ஒரு வார்த்தையை நான் எப்படிச் சொன்னேன் என்று எழுத்தில் காட்ட முடியாது. தூக்குமேடையில் நின்றவனுக்கு விடுதலை ஓலை வந்தது போலச் சொன்னேன். சோறு வயிற்றில் புளித்தால் மாடு ஊதிப் படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் மருந்தில் குற்றமில்லை! அதை அங்கேயே நிரூபித்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குள்ளிருந்த கோமாளிக்குத் தோன்றிவிட்டது. பையிலிருந்த பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகினேன். எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து அந்த மூடி நிறைய ஊற்றினேன். இதோ, மாட்டுக்குச் சொன்ன அளவு, நானே குடிக்கிறேன், மனுசனுக்கே ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்தேன்.

பூண்டும் கீழாநெல்லியும் புளித்த கொய்யாவும் சேர்ந்து தொண்டையில் இறங்கியபோது என் முகம் எங்கெங்கோ போய் வந்தது.

கொட்டத்தின் மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மாடுதான் என்று நினைத்தேன். சவரிமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கோணிய வாயால் சிரித்தபடியே என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பவும் மூடியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். உதடு ரொம்ப நேரம் துடித்து, பிறகு வந்தது.

“இம்... இம்புட்டு... தானா?”

எங்கள் யாருக்கும் புரியவில்லை. அவர் பேசியதிலேயே அக்கா உறைந்துபோய் நின்றார். அண்ணன் காலை இழுத்துக்கொண்டு தொட்டி ஓரத்துக்குப் போய், சுவர் மாடத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் மூடிக்குப் பக்கத்தில் நீட்டினார். பெரிய தேங்காயின் பாதி. வழித்துத் துடைத்து வைத்த கொட்டாங்குச்சி. அதன் உட்புறம் முழுக்க நம் மருந்தின் நிறம் ஏறியிருந்தது.

டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: “நீங்க புடிச்சிருக்கறது பாட்டில் மூடி. நீங்க வெறும் மூடின்னுதானே போட்டிருந்தீங்க. வெறும் மூடின்னா தேங்கா மூடிதானேண்ணே?”

வேறென்ன? குழம்புக்கு ஒரு மூடி, சட்னிக்கு அரை மூடி என்றால் இந்த ஊரில் யார் பாட்டில் மூடியைத் தேடுவார்கள்? மூடி இல்லாத வீடு உண்டா என்று பாயிடம் கேட்டேனே, அதற்கு அந்தக் கொட்டாங்குச்சிதான் பதில்.

டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னார். மருந்து பசியைத் தூண்டுவதற்குத்தான். அதைக் கொட்டாங்குச்சி அளவில் தினமும் ஊற்றியதில் பசி பேயாகிவிட்டது. அந்தப் பசி சோற்றைக் கேட்டிருக்கிறது. ஏற்கெனவே புளிப்பு ஏறிக் கிடந்த வயிற்றில் சோறும் சேர்ந்து புளித்துவிட்டது. இரண்டும் சேர்ந்துதான் மாட்டைப் படுக்க வைத்திருக்கிறது.

அக்கா கொட்டாங்குச்சியை வாங்கிப் பார்த்துக்கொண்டே, “அப்ப நாந்தான் ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டேனா?” என்றார். கணவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீங்கள் நாளைக்கு இதே மாதிரி ஓரிடத்தில் நிற்பீர்கள். அப்போது வெளியே போகக் கதவுகள் திறந்துதான் இருக்கும். எனக்கு இரண்டு திறந்திருந்தன. சோறு வைத்தது அவர், கொட்டாங்குச்சி எடுத்தது அவர். நான் சும்மா நின்றிருந்தாலே போதும். என்னுடைய ஓடுகிற சுபாவத்துக்கு அந்தக் கதவுகளைப் பார்த்ததும் கால் பரபரத்தது. ஆனால் அந்தக் காலில் இருந்தது பாயின் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது என்பது ஒரு காரணம். பேசிய மனிதர் பக்கத்தில் நின்றிருந்தார் என்பது மற்றது. அத்தனை நாள் கழித்து நாலு பேர் முன்னால் வாயைத் திறந்திருக்கிறார். அது அக்காவின் தலையில் இடியாக விழுந்தால் இனி எதற்காகத் திறப்பார்?

“எழுதினது நாந்தான்க்கா,” என்றேன். “எழுதியிருந்தபடிதான் நீங்க செஞ்சிருக்கீங்க. அண்ணன் சொல்லலைன்னா இன்னும் எத்தனை வீட்டுல இப்படி நடக்கும்னு எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

அண்ணன் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு போய் மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இன்னும் எத்தனை வீடு என்று நானே சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பாய்க்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கணக்கு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “கடைகள்ல இருக்கறதை நான் எடுத்துர்றேன். வீடுகளுக்குப் போனதை நீ கேளு. வாயாலதானே வந்துச்சு, வாயாலயே போகட்டும்” என்றார்.

டாக்டரம்மா எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். மாடு அசை போட ஆரம்பித்தால் வயிறு வழிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை எதுவும் உறுதியில்லை. “அது வாயையே பாத்துட்டு உக்காருங்க. அசைஞ்சா சொல்லுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க” என்றார். பதறுகிறவனை அடக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அதை நான் பெரிய மருத்துவப் பொறுப்பு என்றே நம்பினேன்.

அண்ணன் ஒருபக்கம், நான் ஒருபக்கம், நடுவில் செவலையின் தலை. பாட்டில் வாங்கிய வீடுகளுக்கு நான் ஒவ்வொன்றாக போன் செய்தேன். ஒரே கேள்விதான்: எந்த மூடியில் ஊற்றுகிறீர்கள்? ஒரு வீட்டில் தூக்குவாளி மூடி. நல்லவேளை, நேற்றுத்தான் ஆரம்பித்தார்களாம். இன்னொரு வீட்டில் சரியாகப் பாட்டில் மூடியேதான். எனக்கு உயிர் வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர், மாட்டுக்கு எதுக்குங்க, நான்தான் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மூடி குடிக்கிறேன், பசி அருமையாக எடுக்குது, இனிப்பு மட்டும் கொஞ்சம் கூட்டுங்க என்றார். முதலில் அதை நிறுத்துங்க ஐயா என்று கெஞ்சினேன். எதிரில் அண்ணன் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். போனில் சத்தம் வெளியே கேட்டிருக்கிறது.

வெயில் தாழ்ந்து கொட்டத்துக்குள் சாய்ந்து விழுந்தது. அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். இடையிடையே அண்ணன் மாட்டின் காதோரம் குனிந்து பேச ஆரம்பித்திருந்தார். நான் இருக்கிறேன் என்பது அவருக்கு மறந்துபோனதா, இல்லை நான் ஒரு ஆளே இல்லை என்று முடிவு செய்துவிட்டாரா தெரியாது. செவலைக்கு ஒரு அரைகுறை ஜெபம் சொன்னார். நடுவில் என்னைப் பற்றியும் ஏதோ சொன்னார். செருப்பு என்ற வார்த்தை மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் இன்னொரு வீட்டுக்காரரிடம் மூடியின் இலக்கணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பாட்டில் மேலே இருக்குமே, திருகித் திறப்பீங்களே, அது. முழங்காலில் ஒரு அடி விழுந்தது. அண்ணன் நல்ல கையால் அடித்திருக்கிறார்.

“ஏலே,” என்றார். “வாயப்... பாரு.”

செவலையின் தாடை பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்தது. நின்றது. எங்கள் இருவருக்கும் மூச்சும் நின்றது. கழுத்துக்குள்ளிருந்து ஒரு உருண்டை மேலே ஏறி வந்தது, தாடை திரும்ப ஆட ஆரம்பித்தது, இந்த முறை நிற்கவில்லை. எனக்குக் கொடுத்த ஒரே வேலை அதைப் பார்ப்பதுதான். அதைப் பார்த்தது அவர்.

டாக்டரம்மா வந்து வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, “பொழச்சுக்குமுங்க” என்றார். அக்கா கொட்டத்துத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் அவரைப் பார்த்து, “மேரி... டீ” என்றார். டீ ஆறிப்போயிருந்தது, அதைத்தான் சொன்னார். ஆனால் அக்கா போய்ச் சுடவைக்க வெகுநேரமானது. அடுப்படியிலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா நாங்கள் கேட்காதது போலிருக்கும்படி கண்ணைக் காட்டினார்.

மறுநாள் லேபிளை மாற்ற உட்கார்ந்தோம். நான் திரும்பவும் பெரிய பெரிய வாக்கியமாக எழுதினேன். ‘பாட்டிலின் மேற்புறத்தில் உள்ள சிறிய மூடியால்’ என்று நீண்டுகொண்டே போனது. பாய் அதை வாங்கிக் கசக்கிப் போட்டார். பாட்டில் மூடியைத் தாளின்மேல் கவிழ்த்து வைத்து, பேனாவால் சுற்றி அதே அளவுக்குக் கோடு போட்டார். “பக்கத்துல அந்த மனுசன் சொன்னதைப் போடு” என்றார். அச்சகத்தில் இதைப் போய் எப்படி அச்சடிக்கிறது என்று சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

ஆக, மில்லி லிட்டர் போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பாய் சொன்னதும் அதுதான். கட்டம் போட்ட குறியீட்டையும் போடுங்கள். மாடும் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு வீட்டுக்குப் போனால் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எதில் கொடுக்கிறீர்கள், எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். சொல்லும்போது நம் எல்லோருக்கும் மூடி ஒன்றுதான். காட்டும்போதுதான் தெரியும்.

அந்த வார்த்தையைப் போடலாமா என்று அதன் சொந்தக்காரரான அண்ணனிடம் கேட்டீர்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் போன் செய்தேன், அச்சுக்குக் கொடுத்துக் கொஞ்ச நாள் கழித்து. வழக்கம்போல அக்கா எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடப் போனேன். அப்போது வந்தது.

“கன்னு... போட்டுருச்சு.”

எனக்குக் கேட்க வந்தது மறந்துபோனது. தாய் நல்லா இருக்கா, காளையா கிடேரியா என்று உளறிக்கொட்டினேன். கிடேரி என்றார். செவலை நிறமா என்றேன். ம் என்றார். எம்புட்டு பெருசுண்ணே இருக்கு என்றேன்.

“இம்புட்டு,” என்றார்.

அவர் கையை விரித்துக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் நானும் விரித்துக்கொண்டு நின்றேன். பாய் எதிரில் வந்து, என்ன மாப்ளே, யாருக்கு என்ன அளவு காட்டுறே என்றார்.